காடு இழந்த மலைகள், நீர் இழந்த கண்மாய்கள்

மதுரை மாநகருக்குக் கடம்பவனம் என்பது பழம்பெயர். கடம்ப மரங்கள் அடர்ந்த காட்டில் இரவு தங்கிய தனஞ்சயன் என்னும் வணிகன், தான் அங்குக் கண்ட அதிசயத்தைக் குலசேகர பாண்டியனிடம் சென்று கூற, மன்னன் அக்காட்டைத் திருத்தி நகரம் எடுத்தான் என்று திருவிளையாடற் புராணம் உரைக்கும். அது பிற சமயத்தார் போற்றும் கதையே ஆயினும், வரலாறு கற்போர் கருதத்தக்க செய்தி ஒன்று அதனுள் இருக்கிறது. இந்நகரம் தன் பிறப்பையே காடு அழிந்த நாளிலிருந்து கணக்கிடுகிறது.

காடு திருத்துவதை நம் முன்னோர் குற்றமாகக் கருதவில்லை. பட்டினப்பாலை, கரிகாற் சோழனின் சிறப்புகளுள் ஒன்றாகவே அதனைப் பாடுகிறது. ஆனால் அந்நூல் காடு திருத்தியதைக் கூறும் இடத்திலேயே குளம் வெட்டியதையும் சேர்த்துக் கூறுகிறது. காட்டை நீக்கியவன், அக்காடு செய்துவந்த நீர்காக்கும் வேலையைத் தான் ஏற்றுக்கொண்டான் என்பதே அதன் உட்பொருள். பாண்டிய நாட்டிலும் இவ்வொழுங்கே நிலவியது. சமவெளிக் காடு வயலாயிற்று. வயலுக்கு மேலே கண்மாய் அமைந்தது. கண்மாய்க்கு மேலே மலைக்காடு காடாகவே நின்றது. இம்மூன்றில் எது குலைந்தாலும் மற்ற இரண்டும் நிலைக்கமாட்டா. கடந்த 200 ஆண்டுகளில் இவ்வொழுங்கு எவ்வாறு குலைந்தது, அதன் பயனை நம் செல்லூரும் மதுரையும் எவ்வாறு நுகர்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைப்பள்ளிகள் தரும் சான்று

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளை எண்பெருங்குன்றம் என்று நம்மவர் போற்றுவர். ஆனைமலை, பரங்குன்றம், அழகர்மலையாகிய இருங்குன்றம் முதலியன அவற்றுள் அடங்கும். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே துறவியர் இக்குன்றுகளின் குகைத்தளங்களில் உறைந்தனர். மாங்குளம் மீனாட்சிபுரத்துக் குன்றிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, நெடுஞ்செழியன் காலத்தில் கணிநந்தாசிரியருக்குப் பாழி அமைத்துக் கொடுத்த செய்தியைக் கூறுகிறது. 1882இல் இராபர்ட் சிவெல் என்னும் ஆங்கிலேயரால் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட கல்வெட்டு அது.

இக்குகைகளைப் பார்ப்போர் கற்படுக்கைகளையும் எழுத்துகளையும் வியந்து நோக்குவர். குகையின் நெற்றியில் வெட்டப்பட்டிருக்கும் காடியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பாறைமேல் வழியும் மழைநீர் உள்ளே புகாமல் விளிம்பிலேயே சொட்டிவிட அமைத்த நீர்வடி விளிம்பு அது. துறவியர் தங்கிய இடங்களுக்கு அருகிலே சுனை இருப்பதையும் காணலாம். ஊருக்கு அப்பால், உணவு பெறுவதற்கு எட்டும் தொலைவில், நீரும் நிழலும் உள்ள குன்றையே அவர்கள் தேர்ந்தனர். சமணர்மலைக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெருமடத்தின் பெயரிலேயே காடு இருக்கிறது.

மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டிக் குன்றில் தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று உள்ளது. அதனைச் செய்வித்தவர் அச்சணந்தி அடிகள் என்றும், பாதிரிக்குடியினர் அதனைக் காக்க வேண்டும் என்றும் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு தெரிவிக்கிறது. பாதிரி என்பது ஒரு மரத்தின் பெயர். மரத்தின் பெயரால் அமைந்த ஓர் ஊர்மக்களிடம் மலையிலுள்ள திருமேனியின் காவலை ஒப்படைத்தார் அம்முனிவர். மலையைக் காப்பது அரசனின் வேலை மட்டுமன்று. அடிவாரத்து மக்களின் பொறுப்பும் ஆகும் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தமை இதனால் விளங்கும்.

சிலப்பதிகாரம் காட்டும் மதுரையும் இங்கு நினைக்கத்தக்கது. கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் வைகையைத் தெப்பத்தில் ஏறிக் கடந்தனர். நீர் தெரியாதபடி மலர் மூடி வந்த ஆறாக இளங்கோவடிகள் அதனைக் காட்டுகிறார். நகரைச் சூழ்ந்து அகழியும், அதனையொட்டிக் காவற்காடும் இருந்தன. பரிபாடலின் வைகைப் பாடல்களும் மலையிலிருந்து மரங்களையும் மலர்களையும் வாரிக்கொண்டு வரும் புதுப்புனலை விரிவாகப் பாடுகின்றன. புலவர் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும், மலையில் காடு இருந்தாலன்றி ஆற்றில் மலர் வாராது.

செல்லூருக்கு நீர் வந்த வழி

செல்லூர் இன்று நகரின் நடுவே நெருக்கமான தெருக்களோடும் தறியோசையோடும் விளங்குகிறது. வைகையின் வடகரையில் அமைந்த இவ்வூருக்கு மேற்கு மலைகளின் நீர் ஒன்று, வடக்கு மலைகளின் நீர் ஒன்று என இருவகை நீர்த்தொடர்பு உண்டு.

மேற்கிலிருந்து வருவது வைகை. வருசநாட்டு மலைகளில் தோன்றி, சுருளியாறு, கொட்டகுடியாறு, வராகநதி, மஞ்சளாறு முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு மதுரைக்கு வரும் ஆறு அது. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 258 கிலோமீட்டர். வடக்கிலிருந்து வருவது சாத்தையாறு. சிறுமலை, வகுத்தமலைப் பகுதியில் பெய்யும் மழை சாத்தையாறாகத் திரண்டு, பாலமேட்டுப் பக்கம் இறங்கி, வழியிலுள்ள கண்மாய்களை ஒவ்வொன்றாக நிரப்பி, கண்மாய்க்குக் கண்மாய் மறுகால் பாய்ந்து, இறுதியில் செல்லூர்க் கண்மாய்க்கு வந்து சேரும். அங்கிருந்து மிகுநீர் பந்தல்குடிக் கால்வாய் வழியாக வைகையில் கலக்கும். ஆகவே செல்லூரில் வாழ்வோர் மலையைக் காணாவிடினும், சிறுமலைச் சரிவில் ஒரு காடு வெட்டப்படுவது அவர்கள் தெருவோடு தொடர்புடைய செய்தியே.

இத்தொடர்பு செயற்படும் முறை எளியது. காட்டில் விழும் மழைத்துளி நேரே மண்ணைத் தாக்குவதில்லை. இலைகளில் பட்டுச் சிதறி, கீழே மெத்தெனக் கிடக்கும் சருகில் இறங்குகிறது. வேர்களும் மண்புழுக்களும் துளைத்த மண் அந்நீரை உறிஞ்சி, பாறையிடுக்குகளுக்கு அனுப்புகிறது. மழை நின்று பல வாரங்கள் சென்ற பின்னும் சுனையாகவும் ஓடையாகவும் அது மெல்லக் கசிந்து வெளிப்படும். காடு நீங்கிய சரிவிலோ மழை மண்ணை அடித்துப் புழுதியாக்கி மேற்பரப்பை இறுகச் செய்கிறது. நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. ஓடும்போது மண்ணையும் கொண்டு போகிறது. பெய்த மழையின் அளவு முன்போலவே இருப்பினும் அதன் பயன் மாறிவிடுகிறது. பல வாரங்களுக்கு வரவேண்டிய நீர் ஒரே நாளில் வெள்ளமாக வந்து போய்விடும், எஞ்சியது வறட்சி, கண்மாயில் தங்குவது வண்டல்.

காவற்காட்டின் முடிவு

பாளையக்காரர் காலம் வரை தென்பாண்டிச் சமவெளியில் கணிசமான காடு எஞ்சியிருந்தது. கோட்டைகளைச் சுற்றி முட்காடு வளர்ப்பது அக்காலப் பாதுகாப்பு முறை. பகைவர் நுழையாதிருக்கக் காக்கப்பட்ட அக்காடுகள், நோக்கம் போராயினும், மானுக்கும் மயிலுக்கும் ஊற்றுக்கும் அடைக்கலமாயின.

1801இல் மருது சகோதரர்களுக்கு எதிரான போரில் கர்னல் அக்னியூவின் படை காளையார்கோயிலை அடைய முற்பட்டபோது, இடையில் நின்ற பெருங்காடே முதற்பகையாயிற்று. மரங்களை வெட்டிப் பாதை அமைக்க ஏறத்தாழ ஒரு திங்கள் முயன்றும் அப்படையால் கடக்க இயலவில்லை. பின்னர் வேறு வழியாகச் சென்றே கோயிலைக் கைப்பற்றினர். அப்போரில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் இதனைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். போர் முடிந்தபின் பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. காவலுக்குக் கோட்டை இல்லாதபோது காவற்காட்டுக்கும் காரணம் இல்லாமற் போயிற்று. அதன்பின் அக்காடு விறகாகவும் புன்செய்யாகவும் மாறுவதைத் தடுப்பார் இல்லை. நிலவரியைப் பெருக்க விரும்பிய கம்பெனி ஆட்சிக்கு, உழாத நிலம் வீணான நிலமாகவே தோன்றியது.

இருப்புப்பாதையும் வனச்சட்டமும்

காடு அழிந்தால் நீர் குன்றும் என்பதை அக்காலத்து ஆட்சியாளர் எவரும் அறியாதிருந்தனர் என்று கூற இயலாது. தமிழர் பலர் குடியேறி வாழ்ந்த மொரீசியசுத் தீவில், 1769ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு ஆட்சி, நில உரிமை பெற்றோர் ஒவ்வொருவரும் நான்கில் ஒரு பங்கைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும் என்று விதித்தது. சென்னையில், பின்னாளில் அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்த மருத்துவர் எட்வர்டு பால்ஃபர், மரங்களுக்கும் நாட்டின் தட்பவெப்பத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1849இல் எழுதினார். 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பெற்ற ஹியூ கிளெக்ஹார்னும் மருத்துவரே. பஞ்சத்தையும் நோயையும் நேரிற் கண்டவர்கள் ஆதலால், மரத்துக்கும் மக்களின் உடல்நலத்துக்கும் உள்ள உறவு அவர்களுக்கு முதலில் புலப்பட்டது போலும்.

ஆனால் அதே காலத்தில் இருப்புப்பாதை வந்தது. தண்டவாளங்களுக்கு அடியில் இடும் கட்டைகளுக்கு உறுதியான மரம் வேண்டியிருந்தது. எஞ்சினின் உலைக்கு விறகு வேண்டியிருந்தது. 1870களில் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கும் புகைவண்டி ஓடத் தொடங்கியது. அதுவரை மாட்டுவண்டி எட்டும் தொலைவுக்குள் மட்டுமே விலைபோன மரம், தொலைநகரங்களிலும் விலைபோகும் பண்டமாயிற்று.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கியது. அதன்பின் 1882இல் சென்னை வனச்சட்டம் இயற்றப்பட்டது. காப்புக்காடு என்னும் பிரிவு இச்சட்டத்தால் ஏற்பட்டதே. இதனால் பல மலைகள் முற்றாக மொட்டையாகாமல் தப்பின என்பது உண்மை. எனினும் அதற்கு மற்றொரு முகமும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஆடுமாடு மேய்த்தும், தழையும் விறகும் தேனும் எடுத்தும் வாழ்ந்த மக்கள் ஒரே நாளில் அத்துமீறுவோர் ஆயினர். தமக்குரியது என்று கருதிய வரையில் ஒரு கட்டுப்பாட்டோடு பயன்படுத்திய காட்டை, சர்க்காருடையது என்று ஆனபின் காக்கும் மனம் பலருக்கு இல்லாமற் போயிற்று. பாதிரிக்குடியினரிடம் காவலை ஒப்படைத்த அச்சணந்தியின் வழிக்கு நேர்மாறான வழி இது.

பெரியாற்று நீர் மறைத்த உண்மை

பஞ்சத்தின் பின்விளைவாக விரைவு பெற்ற மற்றொரு பணி பெரியாற்று அணை. 1886இல் திருவிதாங்கூர் அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1887இல் வேலை தொடங்கி, பென்னிகுயிக்கின் பெருமுயற்சியால் 1895இல் அணை திறக்கப்பட்டது. மேற்குநோக்கிச் சென்று அரபிக்கடலில் கலந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி வைகையில் சேர்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கும் மேலூர் வட்டாரமும் நெல் விளையும் பூமியாயின. இந்நன்றியை மதுரை மக்கள் இன்றளவும் மறந்தாரல்லர்.

அந்த நீருக்காகவும் ஒரு காடு மூழ்கியது. தேக்கடி ஏரியில் இன்றும் நீருக்கு மேலே நிற்கும் பட்டமரங்கள் அக்காட்டின் எச்சமே. ஆயினும் ஏரியைச் சூழ்ந்த காடு 1899 முதலே காக்கப்பட்டு, பின்னர் சரணாலயமாகி, 1978இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. மேற்கே காடு காக்கப்பட்டமையால் பெரியாறு வற்றவில்லை.

இங்கேதான் மதுரையின் வரலாற்றில் கவனிக்கத்தக்க ஒரு திருப்பம் நேர்ந்தது. வைகையின் சொந்த மலைகளாகிய வருசநாடு, மேகமலை, பழனிமலைச் சரிவு, சிறுமலை ஆகியவற்றில் காடு குறைந்துகொண்டே வந்தபோதும், ஆற்றில் பெரியாற்று நீர் வந்துகொண்டிருந்தது. மடை திறந்தால் நீர் வரும்வரை, அது எந்த மலையிலிருந்து வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. சொந்த ஊற்று அடைபடுவதை அயலூர் நீர் மறைத்துவிட்டது. பெரியாற்று நீர் குறைவாக வரும் ஆண்டுகளில் மட்டுமே வைகை தன் உண்மை நிலையை நமக்குக் காட்டியது.

சரிவுகளில் ஏறிய தோட்டங்கள்

மலைக்காடு அழிந்ததற்கு ஒரே காரணம் கூறுவது பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பி, சின்கோனா முதலியவற்றைப் பயிரிட ஐரோப்பியர் மலையேறினர். கொடைக்கானல் 1845 முதல் கோடைவாசத் தலமாக வளர்ந்தது. பழனிமலையின் மேற்பரப்பில் புல்வெளியும் அதனிடையே பள்ளங்களில் சோலைக்காடும் இயற்கையாக அமைந்திருந்தன. பஞ்சுபோல் நீரைத் தாங்கி நின்ற அப்புல்வெளிகளில் பிற்காலத்தில் சீகை, பைன், தைலமரங்கள் பெருமளவில் நடப்பட்டன. தோல் பதனிடவும் காகிதம், செயற்கைப் பட்டு செய்யவும் அவை பயன்பட்டன. தொலைவிலிருந்து காண்போர்க்கு அதுவும் பசுமையாகவே தோன்றும். ஆனால் நட்ட மரங்களின் வரிசை வேறு, காடு வேறு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேகமலை உச்சியில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. ஏலத்தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த சரிவுகளில் பரவின. சிறுமலையில் காப்பியும் எலுமிச்சையும் புகழ்பெற்ற மலைவாழையும் இடம்பிடித்தன. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பட்டு, பேருந்துகள் கரிவாயுவால் ஓடிய செய்தியை நம் பெரியோர் கூறக் கேட்டிருப்போம். அக்கரிக்காக எரிந்தவையும் மரங்களே. நாடு விடுதலை பெற்றபின் 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. உரிமை கைமாறிய காலங்களில், மரத்தை வெட்டி விற்றுவிடுவதே இலாபம் என்று கருதியோர் எங்கும் இருந்தனர். பிறகு நிலமற்ற ஏழைகள் வருசநாட்டுச் சரிவுகளில் குடியேறி, காட்டை எரித்துப் பயிரிட்டனர்.

இவ்வேழைகளை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது, நேர்மையன்று. சமவெளியில் கண்மாய் பொய்த்து, கூலி வேலையும் கிட்டாதபோது மலையேறியவர்கள் அவர்கள். மலையின் ஆதிகுடிகளாகிய பளியர், தேனும் கிழங்கும் எடுத்துக்கொண்டு பல நூற்றாண்டுகள் அக்காட்டில் வாழ்ந்தும் அதை அழித்தாரல்லர். மேசை, கட்டில், கதவு, விறகு, தேநீர், காகிதம் என்று மலையிலிருந்து பெற்றுக்கொண்ட நகரத்தார்க்கும் இதில் பங்குண்டு.

விளைவுகள்

1959இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை திறக்கப்பட்டது. 71 அடி வரை நீர் தேக்கத்தக்க அவ்வணை இன்று மதுரையின் குடிநீருக்கு முதன்மை ஆதாரம். மேலே மலைச்சரிவுகளிலிருந்து அரித்து வரப்பட்ட மண் ஆண்டுதோறும் அதனுள் படிகிறது. அணையின் சுவரில் எழுதிய அடிக்கணக்கு மாறுவதில்லை. ஆனால் அதே அடிக்கு முன்பு இருந்த நீர் இப்போது இல்லை. அணையைத் தூர்வார வேண்டும் என்ற குரல் அடிக்கடி எழுகிறது. மேலே மண்ணைப் பிடித்து நிறுத்தாமல் கீழே அள்ளிக்கொண்டிருப்பது முடிவில்லாத வேலை.

கண்மாய்களின் நிலையும் அதுவே. வண்டல் படிந்த கண்மாய் மேடாகிறது. மேடான கண்மாய் மனைநிலமாகத் தோன்றுகிறது. குடிமராமத்து முறையில் ஊரார் கூடித் தூர்வாரி, வண்டலை வயலுக்கு எடுத்துச் சென்ற வழக்கம் மறைந்தபின் இம்மாற்றம் விரைந்தது. மதுரையில் தல்லாகுளம் போன்ற பெயர்களில் மட்டும் குளம் எஞ்சி நிற்கிறது. விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கவென்று வறண்ட நிலங்களில் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம், காவலற்ற கண்மாய்களிலும் வைகைப் படுகையிலும் புகுந்து வேரூன்றியது. நாட்டு மரங்களை இழந்த நிலத்துக்கு அந்நிய முள்மரமே காடாயிற்று.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் மதுரையில் சில மணி நேரத்துக்குள் பெருமழை கொட்டியது. செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடிக் கால்வாய் கரைமீறி, சுற்றுப்புறத் தெருக்களும் வீடுகளும் நீரில் மூழ்கின. அந்நாளை இவ்வூரார் எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வெள்ளத்துக்கு உடனடிக் காரணம் கால்வாயின் குறுக்கமும் அடைப்பும், நீர்வழிகளில் எழுந்த கட்டடங்களுமே. மலைக்காடு இருந்திருந்தால் அன்றைய மழை பெய்தே இராது என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் வரலாற்று நோக்கில் அவ்விரண்டும் ஒரே தொடரின் இரு கண்ணிகள். காட்டில் தங்கவேண்டிய நீர் தங்கவில்லை. கண்மாயில் தங்கவும் அதற்கு இடமில்லை. ஆகவே அது வீட்டுக்குள் வந்தது. தறிக்குழியில் நீர் இறங்கினால் பாவும் நூலும் கெட்டு, நெசவாளியின் பல நாள் உழைப்பு அழியும். கோடை வந்தால் அதே வீட்டார் குடிநீருக்குக் குடத்துடன் நிற்பர். வெள்ளமும் வறட்சியும் ஒரே தெருவுக்கு ஒரே ஆண்டில் வருவது காடிழந்த ஆற்றின் இயல்பு.

மீட்சியின் தொடக்கம்

நம்பிக்கை தரும் செய்திகளும் உள்ளன. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பரப்பு, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகம். வைகையின் பிறப்பிடம் அதன் காவலுக்குள் வந்துள்ளது. புலியைக் காப்பதாகத் தோன்றும் இவ்வேற்பாடு உண்மையில் மதுரையின் குடிநீரைக் காப்பதாகும். அங்கு நெடுங்காலம் வாழ்வோரின் உரிமைகளையும் மதித்து இதனைச் செயற்படுத்துவது அரசின் கடமை.

நமக்கு நெருக்கமான மற்றொரு செய்தி அரிட்டாபட்டி. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193 ஹெக்டேர் பரப்பை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கை ஊற்றுகள் அங்கு உள்ளதாக அவ்வறிவிப்பு கூறுகிறது. மேலூர் வட்டாரத்துக் குன்றுகள் பல கிரானைட்டுக்காக வெட்டப்பட்டு மறைந்த கொடுமையைக் கண்ட மக்களுக்கு அது ஆறுதல் அளித்தது. 2024 நவம்பரில் அப்பகுதியையும் உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்த செய்தி வந்தபோது, அடிவாரத்து ஊர்கள் திரண்டு எழுந்தன. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை இரத்துச் செய்தது. கணிநந்தாசிரியருக்குப் பாழி அமைந்த குன்றும், அச்சணந்தி திருமேனி செய்வித்த குன்றும் இவ்வாறு காக்கப்பட்டன. அவற்றுக்காக வீதிக்கு வந்தோரில் மிகப் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். பாதிரிக்குடியினரின் பொறுப்பை இன்று அவர்களே ஏற்று நிற்கின்றனர் என்பதை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

சிராவக அறம் கூறுவது

மரத்தை ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் வகுத்தது. ஏகேந்திரிய ஜீவன் என்று நம் ஆகமம் கூறுவதும் அதுவே. இல்லறத்தார் ஓரறிவுயிர்க்கு ஊறு செய்யாமல் வாழ இயலாது என்பதை நம் ஆசாரியர்கள் அறிந்தே இருந்தனர். ஆதிபகவன் மக்களுக்கு உழவைக் கற்பித்தார் என்று போற்றுகிறோம். உழவு இருந்தால் காடு திருத்தலும் இருந்தே தீரும். ஆகவே வரம்பு எங்கே என்பதே வினா. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதற்கு விடை கூறுகிறார். பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியன அநர்த்ததண்டம். அவற்றை இல்லறத்தார் விலக்க வேண்டும். அந்நூலைத் தழுவிய அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் வழிவழியாக ஓதப்படுவது. மேலும், கர்மாதானம் என்ற பெயரில் சைன நூல்கள் எண்ணும் பதினைந்து கொடுந்தொழில்களுள் காடு வெட்டுதலும், கரி சுடுதலும், காட்டுக்குத் தீயிடுதலும், ஏரி குளங்களை வற்றச் செய்தலும் இடம்பெறுகின்றன. காட்டை அழிப்பதையும் குளத்தை அழிப்பதையும் ஒரே பட்டியலில் வைத்த அவர்தம் நுண்ணறிவை மதுரையின் வரலாறு மெய்ப்பித்துவிட்டது.

இலேசியை விளக்கத்தில் வரும் நாவல் மரத்தை நம் குழந்தைகளும் அறிவர். பசித்த அறுவரில் ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணினான். ஒருவன் அடிமரத்தை, ஒருவன் கிளையை, ஒருவன் சிறுகொம்பை வெட்ட எண்ணினான். ஒருவன் கனியை மட்டும் பறிக்க எண்ணினான். ஆறாமவன் உதிர்ந்த கனியே போதும் என்றான். அறுவர்க்கும் பசி ஒன்றே. வேறுபட்டது மனத்தின் நிறம். நம் மலைகளுக்கு நேர்ந்ததை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. மக்கள்தொகை பெருகியதும் தேவை பெருகியதும் உண்மை. ஆனால் தேவை எப்போதும் வேரை வெட்டச் சொல்லவில்லை.

நம்மால் இயன்றவை சில உண்டு. ஜினாலயங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் உரிய நிலங்களில் ஒரு பகுதியையேனும் தோப்பாக விட்டு, ஆல், நாவல், மருது, கடம்பு, பாதிரி முதலிய நாட்டு மரங்களை வளர்க்கலாம். தீர்த்தங்கரர் ஒவ்வொருவரும் ஒரு மரத்தின் நிழலிலேயே கேவலஞானம் எய்தினர். ஆதிநாதர்க்கு ஆலமரம், மகாவீரர்க்குச் சால மரம். மலைப்பள்ளிகளுக்கு யாத்திரை செல்லும்போது பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டு செல்லாமலும், அடிவாரத்து ஊராரோடு உறவு பேணியும் வரலாம். வீடு கட்டும்போது பழமரக் கதவு சன்னல்களை மீண்டும் பயன்படுத்துவது சிக்கனமும் ஆகும், அறமும் ஆகும். செல்லூர்க் கண்மாயையும் பந்தல்குடிக் கால்வாயையும் தூய்மையாக வைத்திருக்க முயலும் அண்டை வீட்டாரோடு தோள்கொடுக்கலாம். குப்பை கொட்டும் கைகளில் நம் கை ஒன்றும் இருத்தலாகாது.

ஆற்றங்கரை வழியே நடப்போர் நண்டையும் நத்தையையும் மிதித்துவிடாதபடி அடி பார்த்து நடக்க வேண்டும் என்று கோவலனையும் கண்ணகியையும் எச்சரித்தவர் கவுந்தியடிகள். மதுரையை நோக்கி வந்த அத்தவமூதாட்டியின் எச்சரிக்கை மதுரையில் வாழும் நமக்கும் உரியது. நாம் அடி வைப்பது செல்லூர்த் தெருவில் ஆயினும், அவ்வடி பதியும் மண் சிறுமலையிலும் வருசநாட்டிலும் இருக்கிறது.